வேலிக்கு அந்தப் பக்கத்துச் சருகு

ரைட்டண்ணனைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இரண்டே வகை. பஸ் ஏறாதவர்கள் ஒரு வகை, இன்னும் பிறக்காதவர்கள் இன்னொரு வகை. மற்ற எல்லோரையும் அவர் ஒரு முறையாவது, "உள்ளே போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று நெருக்கித் தள்ளியிருக்கிறார். நடுவில் எந்தக் காலத்திலும் காலியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் "ரைட்" என்று குரல் கொடுத்து மணிக்கயிற்றை இழுத்தால்தான் வண்டி நகரும். அதனால் வந்த பெயர் அது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது பென்ஷன் புத்தகத்துக்குள் பத்திரமாகக் கிடந்தது, வெளியே வந்து யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

அதே பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தவர் அவருடைய அத்தான், அதாவது கூடப் பிறந்த அக்காவின் கணவர். முன்னால் அத்தான், பின்னால் மைத்துனர், இருவருக்கும் நடுவில் பொதுமக்கள். இப்படியாக ஒரே குடும்பம் பல வருடங்கள் அந்த ஊரை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வந்தது. வேலை நேரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை மணிக்கயிறு வழியாகத்தான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் போ. இவ்வளவு சுருக்கமாகப் பேசிக்கொண்டதால்தான் அவர்கள் உறவு கடைசிவரை கெடாமல் இருந்தது என்று அக்கா சொல்வாள்.

அக்காவின் வீடு ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு. பின்பக்கம் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் அரசாங்கக் காடு. பஸ் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும். ஆனால் ஸ்டாப் இன்னும் கொஞ்சம் தள்ளி, வளைவில் இருந்தது. ஒரு மழை நாளில் அத்தான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அக்கா வாசலில் நின்றாள். குடை காற்றில் மல்லாந்து அவளையே நனைத்துக்கொண்டிருந்தது. அத்தானின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. பின்னாலிருந்து மணி வரவில்லை. அத்தான் கண்ணாடியில் கெஞ்சலாகப் பார்த்தார்.

"ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தினா, நாளைக்கு எல்லார் வீட்டு வாசல்லயும் நிறுத்தணும் அத்தான்" என்றார் ரைட்டண்ணன். குரலில் வருத்தம் இருந்தது, மணியில் இல்லை.

அத்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டே மனைவியைக் கடந்து போனார். அக்கா வளைவு வரைக்கும் சேற்றில் நடந்து வந்து, பாத்திரத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பின்கதவுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள்: "உனக்குப் பதிலா அம்மா ஒரு தூணைப் பெத்திருக்கலாம்டா. சாஞ்சுக்கவாவது ஆகியிருக்கும்."

இந்தக் கதையை அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பாதி தூரம் திட்டாக வரும் கதை, முடியும்போது பெருமையாக ஆகியிருக்கும். "என் தம்பிகிட்ட அதெல்லாம் நடக்காது" என்று முடிப்பாள். தம்பி காதில் அந்த இரண்டாம் பாதி மட்டும் நன்றாக விழுந்தது. அதுதான் அவருடைய குணத்துக்குக் கடைசிவரை உரமாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ரைட்டண்ணனால் வீட்டில் உட்கார முடியவில்லை. கூடத்தில் யாராவது நின்றால் உள்ளே தள்ளிப் போகச் சொல்கிறார் என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். வன அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். "தீத்தடுப்புப் பணியாளர், தற்காலிகம்." கோடை தொடங்கும் முன்பு பிறந்து, மழை வந்ததும் செத்துப்போய், அடுத்த வருடம் மறுபடி பிறக்கும் வேலை அது. ஒரு தொப்பியும், நீண்ட கைப்பிடி போட்ட ஒரு இரும்பு வாரியும், சிரிக்கிற வீடு ஒன்றின் படம் போட்ட துண்டுப் பிரசுரக் கட்டும் கொடுத்தார்கள். காட்டுத்தீ வரும் வழியில் இருக்கும் வீடு எதற்காகச் சிரிக்கிறது என்பதைப் பிரசுரம் விளக்கவில்லை.

வேலை சுலபம். கடைசித் தெருவில் வீடு வீடாகப் போக வேண்டும். கொல்லையில் சருகு கிடக்கக் கூடாது, கூரையைத் தொடும் கிளையை வெட்ட வேண்டும், விறகைச் சுவரோடு சேர்த்து அடுக்கக் கூடாது, வீட்டைச் சுற்றி வெறும் மண் தெரிய வேண்டும் என்று சொல்ல வேண்டும். காடு எரிந்தாலும் வீடு எரியாது, நெருப்புக்குத் தின்ன ஏதாவது இருந்தால்தான் அது நடந்து வரும் என்று விளக்க வேண்டும். முதல் வருடம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் அலுவலகம் சுத்தமான கொல்லைக்குக் கேடயம் என்று அறிவித்தது. உயிருக்காகக் குனியாத தெரு கேடயத்துக்காகக் குனிந்தது. ஆளுக்கொரு விளக்குமாற்றோடு இறங்கி, மரத்திலிருந்து இலை கிளம்பும்போதே கீழே நின்று பிடிக்காத குறையாகப் பெருக்கினார்கள்.

கேடயம் ஒவ்வொரு வருடமும் அக்காவுக்கே போனது. இரண்டாமிடம் தெருவின் முதல் வீட்டில் இருந்த தையல்காரருக்கு. நூல் பிடித்து வெட்டுகிற மனிதருக்கு இரண்டாமிடம் ஒத்துக்கொள்ளாது. "நடுவர் தம்பி, ஜெயிக்கிறது அக்கா. நல்ல போட்டி" என்று அவர் பஸ் ஸ்டாப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர் ரைட்டண்ணன் இல்லை, அலுவலகத்திலிருந்து வரும் இன்னொருவர். ஆனாலும் அந்தப் பேச்சு ரைட்டண்ணனுக்குச் செருப்புக்குள் புகுந்த கல்லாக இருந்தது.

இதற்கிடையில் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சில் நாலைந்து வார்த்தைகள்தான் மிஞ்சின. மிஞ்சியதில் ஒன்று "வேணாம்", இன்னொன்று "ஜன்னல்". வாழ்நாள் முழுவதும் கண்ணாடி வழியாக உலகம் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்த மனிதருக்குச் சுவரைப் பார்த்துப் படுக்க முடியவில்லை. அக்கா அவர் கட்டிலைப் பின்னறையில், காட்டைப் பார்த்த ஜன்னலோடு சேர்த்துப் போட்டாள். இரும்புக் கட்டில். துண்டு துண்டாகக் கொண்டுவந்து அறைக்குள் வைத்துதான் மாட்டினார்கள், கதவு வழியாக வெளியே வராது. அத்தான் காடு ஓடி வரும் என்று காத்துக்கொண்டிருப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ரைட்டண்ணன் தினமும் வேலை முடிந்து அவரோடு கொஞ்ச நேரம் உட்காருவார். அப்படி ஒரு சாயங்காலம் அத்தான் நல்ல கையால் ஜன்னலின் கீழ்ப் பாதியைச் சுட்டிக் காட்டினார். தினமும் பார்க்கிற வேலியின் அடிக்கம்பிகள் தெரியவில்லை. நடுக்கம்பியும் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஏதோ மேடு. ரைட்டண்ணன் எழுந்து கொல்லைக்குப் போய், வேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரு கரை போலச் சருகு குவிந்திருந்தது. கொல்லைகளைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிய அத்தனை பேரும், பெருக்கியதை அள்ளி வேலிக்கு அப்பால் கொட்டியிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் அரசாங்கத்துடையது. அரசாங்கத்துக்குக் கொடுத்த பிறகு அதைப் பற்றி நினைப்பது குடிமக்களின் வேலை அல்ல. வருடக் கணக்கில் கொட்டியது அடியில் மட்கி, மேலே மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. எந்த வீட்டுக் கொல்லை அதிகச் சுத்தமோ அந்த வீட்டுக்குப் பின்னால் மேடு அதிக உயரம். அக்கா வீட்டுக்குப் பின்னால் அது வேலியின் உச்சிக்கம்பியை எட்டப் பார்த்தது. காட்டு ஊழியர்கள் மரங்களைப் பார்த்தார்கள், ரைட்டண்ணன் கொல்லைகளைப் பார்த்தார். நடுவில் இருந்த மேட்டைப் பார்ப்பது இருவர் எல்லையிலும் இல்லை.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனார். ரேஞ்சர் நல்ல மனிதர், சட்டம் தெரிந்தவர். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்ததால் பாவம் அவரும் கஷ்டப்பட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த இலை காட்டின் பொருள், அதை எடுப்பது குற்றம், மேலிடத்து அனுமதி வேண்டும் என்று விளக்கினார். கொட்டியது குற்றம் இல்லையா என்று ரைட்டண்ணன் கேட்டார். கொட்டியதை யாரும் பார்க்கவில்லை, எடுக்கப் போவதைத்தான் நீங்களே வந்து சொல்லிவிட்டீர்களே என்றார் ரேஞ்சர். இருந்தாலும் மேலே எழுதிப் போட்டார்.

அனுமதி வருவதற்குள் தெருக்காரர்களை விட்டே அள்ள வைக்கலாம் என்று கூட்டம் கூட்டினார் ரைட்டண்ணன். வந்தவர்களில் ஒருவர்கூட மேட்டைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. தையல்காரர் எழுந்தார். "எங்க வீட்டுல இருக்கறது ஒரே ஒரு எலுமிச்சை மரம். அந்தக் குப்பையில ஒரு எலுமிச்சை இலை காட்டுங்க, மொத்தத்தையும் நானே தலையில தூக்கிட்டுப் போறேன்" என்றார். அடியில் மட்கிப்போன இலைக்கு ஜாதகம் பார்க்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களும் தங்கள் மரங்கள் இலையே உதிர்ப்பதில்லை என்கிற பாணியில் பேசிவிட்டுக் கலைந்தார்கள். அக்கா மட்டும் வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாக, "நானும்தான்டா கொட்டினேன். கேடயம் கண்ணை மறைச்சுடுச்சு" என்றாள்.

ரைட்டண்ணனுக்கு அப்போது ஒரே பயம்தான். அந்த மேட்டில் ஒரு பொறி விழுந்தால் முதலில் போவது பின்னறை. பின்னறையில் எழுந்து ஓட முடியாத மனிதர். அத்தானை முன்கூடத்துக்கு மாற்றச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினார். "அவருக்கு மிச்சம் இருக்கறதே அந்த ஜன்னல்தான். அதையும் பிடுங்கச் சொல்றியா" என்றாள். கோடை முடியும்வரை இரண்டு பேரும் தன் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார். "உன் வீட்டுல ஒருத்தர் உட்கார்ந்தா இன்னொருத்தர் நிக்கணும். உன் பொண்டாட்டியும் நீயுமே முறை போட்டுத்தான் உட்காருறீங்க" என்றாள் அக்கா. கடைசியில் அத்தானையே கேட்டார்கள். அவர் தன் கையிருப்பிலிருந்து இரண்டு வார்த்தைகளை எடுத்துச் செலவழித்தார். "வேணாம். ஜன்னல்."

கோடை வந்து நன்றாக உட்கார்ந்த பிறகு அனுமதியும் வந்து சேர்ந்தது. நிபந்தனைகளோடு. ரைட்டண்ணன் ஒருவர் மட்டுமே வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கலாம். வண்டி கூடாது. சருகைச் சாக்கில் கட்டிக் காட்டுக்கு வெளியே தோண்டிய குழியில் போட்டு மண் மூட வேண்டும். இந்த நிபந்தனைகளை எழுதிய அதிகாரி அதற்கு முன் இலை ஒன்றைக் குனிந்து எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

முதல் நாள் காலையில் ரைட்டண்ணன் வாரியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் பின்னால் போனார். மேடு அங்கேதான் உயரம், ஆபத்தும் அங்கேதான். அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு முதல் வாரு வாரினார். இரண்டாவது வாரும்போது தையல்காரர் வேலி ஓரமாக நடந்து வந்தார். பின்னால் தெருவில் இன்னும் சிலர். உதவி செய்யத் தடை இருந்ததால் வேடிக்கை பார்ப்பதற்கு வந்திருந்தார்கள்.

"அக்கா வீட்டுலேருந்தா ஆரம்பிக்கிறீங்க?" என்றார் தையல்காரர். குரலில் குற்றச்சாட்டே இல்லை, அன்பு வழிந்தது. "சரிதான். ரத்தம் இல்லையா. நாங்கதான் இத்தனை வருஷமா ரைட்டண்ணன்னா வேற மாதிரின்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்."

யாரோ சிரித்தார்கள். வாரி நின்றது.

ரைட்டண்ணன் மேட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். உள்ளே அத்தான் தலை தெரிந்தது. பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த கதையைத் தானே எப்படி உடைப்பாள்? வாயை மூடிக்கொண்டாள். அவர் வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேலி ஓரமாகவே நடந்து, தெருவின் அந்த முனைக்கு, தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

"வரிசைப்படி" என்றார். "முதல் வீட்டுலேருந்து வரிசைப்படி வரேன். யாருக்கும் குறை வேணாம்."

பொதுமக்கள் திருப்தியோடு கலைந்தார்கள். நியாயம் நடப்பதைப் பார்த்த பிறகு வெயிலில் நிற்க யாருக்கும் அவசியம் இல்லை.

அன்றிலிருந்து அவர் வேலை செய்த வேகத்தைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். விடிந்ததும் இறங்குவார், வெயில் ஏறி மூச்சு முட்டும்வரை வாருவார், சாக்கு சாக்காகச் சுமப்பார், சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்குவார். மனைவி எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகில் எங்கே தொட்டாலும் முனகினார். "அங்கேருந்து ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் அக்கா வீடு முடிஞ்சிருக்கும்" என்று அவள் ஒரு முறை சொன்னாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவள் எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள். வேகமாக வாரினாலும் ரைட்டண்ணன் அலட்சியமாகச் செய்தது கிடையாது. வெறும் மண் தெரியும்வரை சுரண்டினார். சீக்கிரம் முடித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போகிறார் என்ற பேச்சு வரக் கூடாது இல்லையா? தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் அவர் வாரிய தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். எறும்புகள் வழி தெரியாமல் தவித்தன.

சாயங்காலம் அத்தானிடம் உட்கார்ந்து கணக்குச் சொல்லுவார். இன்றைக்கு இந்த வீடு முடிந்தது, அடுத்து அந்த வீடு. பஸ் எந்த ஸ்டாப்பைத் தாண்டியிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொல்லுவார். அத்தான் கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார். அக்கா கேட்டது ஒரே ஒரு தடவைதான், அதுவும் வேறு எதையோ பேசுவது போல, துணி மடித்துக்கொண்டே.

"நம்ம பின்பக்கம் எப்படா வருவே?"

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா. இன்னும் நாலு வீடுதான்."

"சரி, வா" என்றாள். அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

இன்னும் மூன்று வீடு என்று ஆன அன்றைக்கு மத்தியானம் காற்று திரும்பியது. காட்டுக்குள் எங்கோ தீப்பிடித்திருந்தது. யார் வைத்தார்கள், எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது, அங்கே நலமாகவும் இருக்கிறது. ரைட்டண்ணன் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது முதலில் வாசனை வந்தது, பிறகு சத்தம். பெரிய துணியை யாரோ விடாமல் கிழிப்பது போன்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தார். மரங்களுக்கு நடுவே புகை அகலமாக வந்துகொண்டிருந்தது.

அவர் சொல்லி வைத்திருந்ததெல்லாம் அன்று அப்படியே நடந்தது. தெருக்காரர்கள் கேஸ் சிலிண்டரை மூடினார்கள், வாசல் பக்கமாக வெளியேறினார்கள், யாரும் கட்டில் சட்டி பெட்டியைத் தூக்கத் திரும்பவில்லை. தீ வேலியை நோக்கி வந்தது. வாரி முடித்த வீடுகளுக்குப் பின்னால் வெறும் மண்ணைக் கண்டதும் தயங்கியது, குட்டையானது, கொஞ்ச நேரம் தரையை முகர்ந்து பார்த்துவிட்டுச் செத்தது. பிரசுரத்தில் எழுதியிருந்தது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அந்த மண்ணைத் தாண்டிய இடத்தில், வருடக் கணக்கில் காய்ந்த மேட்டைக் கண்டதும் தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது.

ரைட்டண்ணன் ஓடினார். வேலியைத் தாண்டியபோது கால் கிழிந்தது தெரியவில்லை. கொல்லைக்குள் அனல் நிற்க விடவில்லை, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். அக்கா முன்பக்கக் குழாயடியில் இருந்திருக்கிறாள். சத்தம் கேட்டு உள்ளே ஓடியவள் வெளியே வரவில்லை. பின்னறை ஜன்னல் கண்ணாடி வெடித்துப் புகை அறையை நிறைத்திருந்தது. அக்கா கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டில் கதவு வழியாக வராது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்ததைத் தள்ளிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

இருவரும் அத்தானைப் போர்வையோடு சேர்த்துத் தரையில் இறக்கினார்கள். அவள் ஒரு முனை, இவர் ஒரு முனை. கூடம் நீளமாக இல்லை. அன்றைக்கு மட்டும் அது நீளமாக இருந்தது. அக்கா இருமிக்கொண்டே இழுத்தாள். வாசல்படியில் தலை இடித்துவிடக் கூடாது என்று இவர் தன் கையைக் கீழே கொடுத்தார். வெளியே, தெருவில், காற்று இருந்தது. அத்தான் கண் திறந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் வந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் நன்றாகவே வேலை செய்தார்கள். அக்கா வீட்டின் பின்சுவர் கறுத்து, ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் நின்றது. அதோடு சரி, வீடு விழவில்லை. தெருவில் ஒரு வீடும் விழவில்லை.

அத்தானை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே அவர் கட்டில் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. நர்ஸிடம் சொல்லித் திருப்பிப் போட வைத்தாள் அக்கா. அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது, அதற்கு அப்பால் இன்னொரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அத்தான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டண்ணன் கால் கட்டோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று பயந்தவர் போல வெகு நேரம் உள்ளே போகவில்லை. போனபோது அத்தான் நல்ல கையை அசைத்துக் கூப்பிட்டு, அவர் கட்டுப்போட்ட காலைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். வலிக்கிறதா என்று கேட்கிறார் என்பது புரிய ரைட்டண்ணனுக்குக் கொஞ்சம் நேரமானது.

"இல்ல அத்தான்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை மிச்சமில்லை.

காட்டில் தீ முற்றிலும் அணைந்து, அதை அலுவலகம் அறிவித்த பிறகு அத்தான் போனார். நுரையீரல் முன்பே பலவீனமாக இருந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதனால் தீயைப் பற்றிய அறிக்கையில் உயிர்ச்சேதம் என்ற இடத்துக்கு நேராக "இல்லை" என்று வந்தது. பொய் சொல்லவில்லை. தீ எரிந்துகொண்டிருந்தபோது அவர் உயிரோடுதானே இருந்தார்.

அடக்கத்துக்குத் தெருவே வந்தது. தையல்காரர் ஒரு ஓரமாக நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொய்யான அழுகை இல்லை. தன் வீட்டுக்குப் பின்னால் தீ நின்ற இடத்தை அவர் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. ரைட்டண்ணனிடம் வந்து என்னவோ சொல்ல வாய் எடுத்தார். ரைட்டண்ணன் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்து போனார். அவரைக் குற்றம் சொன்னால் தன் பங்கு குறைந்துவிடும் என்று நினைத்திருக்கலாம்.

மழைக்கு முன்பு ஒரு பாராட்டு விழா நடந்தது. தலைநகரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் திரையில் படங்கள் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். தெருவின் பெரும்பகுதிக்குப் பின்னால் கறுப்பு வேலிக்கு அப்பாலேயே நின்றிருந்தது, கடைசி மூன்று வீடுகளுக்குப் பின்னால் மட்டும் கறுப்பு கொல்லைக்குள் நாக்கை நீட்டியிருந்தது. சருகு அகற்றிய பகுதியும் அகற்றாத பகுதியும் ஒரே தெருவில், ஒரே தீயில், அடுத்தடுத்து அமைவது ஆய்வாளர்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கும் பாக்கியம் என்றார் நிபுணர். இவ்வளவு தெளிவான ஒப்பீட்டை அமைத்துக் கொடுத்த பணியாளரை மேடைக்கு அழைத்தார். சபை கை தட்டியது. ரைட்டண்ணன் மேடை ஏறினார், சால்வையை வாங்கிக்கொண்டார், இறங்கினார். மறுக்கத் தோன்றவில்லையா என்று மனைவி கேட்டதற்கு, "கூட்டத்துல நின்னு தகராறு பண்ணினா மத்தவங்களுக்கு லேட் ஆகும்" என்றார். சால்வையை எங்கே வைத்தார் என்று அவளுக்கும் தெரியாது.

அக்கா தம்பி வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். பின்னறையில் புதுக் கண்ணாடி போட்டு, அந்த இரும்புக் கட்டிலில் அவளே படுத்தாள். ரைட்டண்ணன் தினமும் போய் உட்கார்ந்தார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவளோ காய் நறுக்கினாள், துணி மடித்தாள், ரேடியோ வைத்தாள். ஒரு நாள் தாங்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்.

"நான் இங்கேருந்து ஆரம்பிச்சிருக்கணும்க்கா."

"மேட்டை ஏத்தினது நான்" என்றாள் அக்கா. "தினமும் ரெண்டு வேளை கொட்டினேன். உயரமா வருதேன்னு ஒரு நாள் தோணிச்சு. அமுக்கிவிட்டுட்டு அதுக்கு மேலயும் கொட்டினேன்."

"அன்னிக்கு வாரியைக் கையில வச்சுக்கிட்டு விட்டுட்டுப் போனது நான்தானே."

"போகும்போது பார்த்துக்கிட்டு நின்னது யாரு? கூப்பிட்டிருக்கலாம்ல?"

சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்காக இருவரும் இப்படித்தான் சண்டை போட்டிருப்பார்கள். இந்த வயதில் குற்றத்துக்காகப் போட்டார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சண்டை முடியாமலே இருட்டிவிட்டது. அவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருடம் காட்டில் இலை உதிர ஆரம்பித்ததும் வேலை மறுபடி பிறந்தது. இந்த முறை அனுமதி கேட்காமலே வந்தது, இரண்டு ஆட்களையும் கூடக் கொடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் கொட்டுவதில்லை என்று தெரு உறுதிமொழி எடுத்திருந்தது. மேடு இல்லாவிட்டாலும் புதுச் சருகு மெல்லிசாகப் பரவிக் கிடந்தது. ரைட்டண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேராக அக்கா வீட்டுக்குப் பின்னால் போய் நின்றார். தையல்காரர் தன் கொல்லையில் நின்றபடி, ஆமாம், அங்கேருந்துதான், என்பது போலத் தலையை ஆட்டினார்.

ஜன்னல் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். தூக்கம் கலைந்த முகம். தம்பி வாரியைத் தரையில் வைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்க ஒண்ணும் அவசரமில்லடா இப்ப" என்றாள். "நான் நடக்கிறவதானே. அந்தத் தையல்காரர் சம்சாரத்துக்கு முட்டி முடியலையாம், எந்திரிக்கவே ரெண்டு பேர் வேணுமாம். நீ அங்கேருந்தே வா."

அவர் கேட்காதவர் போல வாரினார். மண் தெரிகிறவரை ஒரே இடத்தை வாரினார், பிறகும் வாரினார். கூட வந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஜன்னலைச் சாத்தவில்லை. கடைசியில் அவர் வாரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஆட்களை வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வேலி ஓரமாக அந்த முனைக்கு நடந்தார்.